குருசடிக் கிணற்றில் பொங்கியது நீயில்லை, மதினி

என் ஆசை லூர்து மதினிக்கு,

கல்லறைத் தோட்டத்தில் உன் தலைமாட்டில் நின்று பேசலாம் என்றுதான் போனேன். எனக்குப் பின்னாலேயே நாலு பேர் வந்து நின்றார்கள். "பிலோமிக்கு மண்ட கொழம்பிட்டு, செத்தவகிட்ட பேசிட்டு நிக்கா" என்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். அதனால் எழுதுகிறேன். எழுதினால் மட்டும் ஊர் படிக்காதா என்று நீ கேட்பாய். படிக்கட்டும். இந்தத் தடவை ஊரும் படிக்க வேண்டிய காரியம்தான்.

ஜோஸ்பின் நன்றாக இருக்கிறாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உன் மகளுக்கு என்ன ஆயிற்றோ என்கிற பதற்றத்தில் மற்ற எதையும் நீ காதில் வாங்க மாட்டாய். உன்னை எனக்குத் தெரியாதா? நீ என் அண்ணனைக் கட்டி எனக்கு மதினியாகும் முன்பே ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த சேக்காளிகள் நாம்.

இனி கெட்ட சேதி. நம் குருசடிக் கிணற்றை மூடிவிட்டார்கள். மேலே இரும்புக் கம்பி வலை, அதற்கு ஒரு பூட்டு, பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை: 'தீ அபாயம். அருகில் நெருப்பு கொண்டுவராதீர்.' கிணற்றுக்குத் தீ அபாயம் என்று பலகை வைத்த ஊரை நீ எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறாயா? சனிக்கிழமை தோறும் நீ பெருக்கித் தண்ணீர் தெளித்த இடத்தில் இப்போது சருகு குவிந்து கிடக்கிறது. பெருக்கப் போனால் வாட்ச்மேன் விரட்டுகிறான்.

உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடல் கூப்பிடு தூரத்தில் கிடந்தும் சிலுவை நட்ட சின்னக் குருசடிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர். குழாய்த் தண்ணீர் தனக்கு மனசு வந்த நாளில்தான் வரும் என்பதால் ஊரே குடித்தது அந்தத் தண்ணீரைத்தான். பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்றால் ஞானத்தாயாக நிற்பவள் ஒரு செம்பு தண்ணீர் இறைத்துக்கொண்டு கோயிலுக்குப் போவதும் அங்கிருந்துதான். கல்லறைத் திருநாள் அன்று, கடலில் போய் உடல் கிடைக்காதவர்களுக்கு விளக்கு விடுவதும் அதில்தான். கல்லறை இருக்கிறவர்களுக்குக் கல்லறையில் மெழுகுவத்தி. இல்லாதவர்களுக்கு ஒரு தேங்காய்ச் சிரட்டைக்குள் மெழுகுவத்தியை நட்டு, கயிற்றில் கட்டி இறக்கி, கிணற்றுத் தண்ணீரில் மிதக்கவிடுவோம். ஜோஸ்பின் தவழ்ந்துகொண்டிருந்தபோது கடலுக்குப் போய்த் திரும்பாத என் அண்ணன் சூசைக்கு வருஷா வருஷம் நீ சிரட்டையை இறக்குவாய். நான் கூட நின்று கயிற்றைப் பிடிப்பேன்.

உன் மேல் போட்ட மண் காய்வதற்குள் மேற்கே தேரிக்காட்டில் கோபுரம் மாதிரி ஒன்று எழும்பியது. மளிகைக்கடை பொன்னுலிங்கம் அண்ணாச்சியின் செம்மண் நிலம்தான். பனைக்கு அந்தப் பக்கம் சும்மா கிடந்தது. குத்தகைக்கு எடுத்த கம்பெனியின் பெயர் வேண்டாம். பெயரை எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று உன் அண்ணன்முறைக்காரர், அதாவது என் வீட்டுக்காரர் கஸ்பார், பேனாவைப் பிடுங்கப் பார்க்கிறார். துறைமுகத்திலிருந்து குழாய் ஏற்றி வந்த டிரைலர் டிரைவர்கள் எல்லாரும் என் கடையில்தான் டீ குடித்தார்கள். வியாபாரம் நடந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். சின்ன வயசு இன்ஜினியர், நல்ல மரியாதைக்காரன், சுவரில் கலர் படம் காட்டி விளக்கினான். பூமிக்கு வெகு ஆழத்தில் ஏடு ஏடாக ஒரு கறுப்புப் பாறை இருக்கிறதாம். அதன் பெயர் ஷேல். அதற்குள் எரிவாயு அடைபட்டுக் கிடக்கிறதாம். குழாயை இறக்கி, தண்ணீரும் மணலும் ரசாயனமும் கலந்து பயங்கர அழுத்தத்தில் உள்ளே விட்டால் பாறை விரிசல் விட்டு வாயு மேலே வருமாம். "முத்துக் குளிச்ச பரம்பரை நீங்க. ஆழத்துக்குப் போறது உங்களுக்குப் புதுசா என்ன?" என்று சிரித்தான். எல்லாரும் கை தட்டினார்கள். முத்துக்குப் போனவன் மூச்சை அடக்கிக்கொண்டு போனான், சிப்பியை அள்ளினான், மேலே வந்துவிட்டான். கடலின் தரையை உடைத்துவிட்டு வரவில்லை. இது எனக்கு வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் தோன்றியது.

அண்ணாச்சி மட்டும் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, அந்தக் கொழாயி நம்ம தண்ணி கெடக்க மண்ணு வழியாத்தான கீழ போவும்? அங்கன ஒழுகிட்டுன்னா?"

"குழாயைச் சுத்தி சிமெண்ட் போட்டு அடைச்சிடுவோம் ஐயா. அந்தப் பாறைக்கும் உங்க கிணத்துக்கும் நடுவுல எவ்வளவோ கல் இருக்கு. ஒண்ணு முகத்தை ஒண்ணு பார்க்காது."

"சிமெண்டுன்னா சரிதான்" என்று அண்ணாச்சி உட்கார்ந்துவிட்டார். அப்புறம் லட்டும் மிக்சரும் கொடுத்தார்கள்.

முதலில் மாறியது இரவுக் கடல்தான். புன்னைக்காயல் பக்கம் போய்த் திரும்புகிற நம் வள்ளக்காரர்கள் கோயில் விளக்கைப் பார்த்துக் கரை பிடிப்பார்கள் அல்லவா? கோபுரத்தில் வாயுவைக் கொளுத்திவிட ஆரம்பித்ததும் அந்தத் தீதான் தூரத்திலேயே தெரிகிறது, அதைப் பார்த்தே வந்துவிடுகிறோம் என்றார்கள். கேட்டபோது எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

அடுத்தது என் டீ. "என்னக்கா, டீத்தூள மாத்திட்டியளா?" என்று ஒருத்தன் கேட்டான். அவனைத் திட்டி அனுப்பினேன். மறுநாள் இன்னொருத்தன். தூளை மாற்றினேன், பால்காரரோடு சண்டை போட்டேன், பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன். டீ தேறவில்லை. நாக்கின் அடியில் இரும்பை நக்கியது மாதிரி ஒரு ருசி. போகப் போக உப்பும் சேர்ந்துகொண்டது. தேரியில் கம்பெனிக்காரன் பாறைக்குள் செலுத்தப் போர் போட்டு நாள் முழுக்கத் தண்ணீர் உறிஞ்சினால் அந்தக் காலி இடத்துக்குக் கடல் வராமல் வேறு எது வரும்? ராத்திரி பிடித்து வைத்த குடத்தைக் காலையில் பார்த்தால் மேலே மெல்லிய ஆடை, அதில் ஏழு நிறமும் தெரியும். சோப்பு நுரைக்கவில்லை. சோறு மஞ்சள் பூத்தது. உன் நாத்தனா சமைத்த சோற்றை உன் அண்ணன்முறைக்காரர் முதல் தடவையாகக் குறை சொன்னார் என்றால் பார்த்துக்கொள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். நமக்கு அது கூட நேராக நடக்கவில்லை. வெட்டியது தேரியில். பூதம் வந்து உட்கார்ந்தது நம் குருசடிக் கிணற்றில்.

ஐப்பசியின் முதல் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் மாதா சபைப் பெண்கள் கோயில் கழுவத் தண்ணீர் இறைக்கப் போனார்கள். தண்ணீர் கொதிக்கிறது. உலையில் அரிசி போடும் முன்பு அடியிலிருந்து குமிழி கோத்துக்கொண்டு வருமே, அப்படி. தொட்டால் குளிர்ச்சி. "மாதா கெணறு பொங்குது! புதுமை! புதுமை!" என்று அற்புதத்தைக் கண்டவளாக ஒருத்தி ஓடிவந்தாள். மத்தியானத்துக்குள் ஊரே அங்கே. மறுநாள் மணப்பாட்டிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வேன் வைத்துக்கொண்டு வந்தார்கள். பாட்டில் பாட்டிலாக நிரப்பிக்கொண்டு போனார்கள். கிணற்றுச் சுவரைச் சுற்றிலும் மெழுகுவத்தி.

சாமியார் நிதானமாகத்தான் இருந்தார். பூசையில், "அவசரப்பட்டுப் புதுமைன்னு சொல்லாதீங்க, தண்ணிய சோதனைக்கு அனுப்பிப் பாப்போம்" என்றார். "சாமிக்கே விசுவாசம் இல்ல பாத்தியாளா" என்று எனக்குப் பக்கத்தில் ஒருத்தி முணுமுணுத்தாள்.

இந்த நேரத்தில்தான் உன் மகள் பிரசவத்துக்கு ஊருக்கு வந்திருந்தாள். ஆமாம் மதினி, நீ முட்டி போட்டு முட்டி போட்டுக் கேட்டாயே, அது கடைசியில் நடந்தது. மாப்பிள்ளை கப்பலில், அவளோ நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். உன் வீட்டில்தான் இருப்பேன் என்றாள். நானும் கஸ்பாரும் அங்கேயே போய் இருந்துகொண்டோம். உன் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் கிணறு. அவள் பொழுதெல்லாம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, இது மாதா இல்ல. எங்கம்மாவாக்கும்" என்றாள் ஒருநாள்.

"என்னளா சொல்லுத?"

"எம்மான்னு கூப்பிட்டா ரெண்டு கொமிழி கூட வருது. நீங்க வேணா கூப்பிட்டுப் பாருங்க. சாவும்போது நான் பக்கத்துல இல்லைலா? அதான் இப்பம் வந்திருக்கா. எம் பிள்ளையப் பாக்க வந்திருக்கா."

நான் சிரிக்கவில்லை. குனிந்து, "மதினி" என்று கூப்பிட்டேன். குமிழி வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிமிஷம் நானும் நம்பினேன். நீ போனதிலிருந்து யாரோடும் வாய்விட்டுச் சண்டை போடாமல் எனக்கு நாக்கு செத்துப் போயிருந்தது. மறுபடியும் கூப்பிட்டேன். மறுபடியும் வந்தது. கூப்பிடாமல் இருந்தாலும் வந்திருக்கும் என்பதை ஏன் யோசிக்கவில்லை? நீ திரும்பி வரவேண்டும் என்று எனக்கும் அவ்வளவு ஆசையாக இருந்ததோ?

கஸ்பாரைத்தான் உனக்குத் தெரியுமே. வாழ்நாள் முழுக்க எரிவாயுக் கப்பலில் வேலை பார்த்த மனுஷர். எல்லாரும் கும்பிட்டுக்கொண்டிருக்க, இவர் மூக்கைச் சுருக்கிக்கொண்டு நின்றார். சாயங்காலம் கூட்டம் கலைந்ததும் ஒரு கண்ணாடி பாட்டிலோடு கிணற்றின் உட்படியில் இறங்கினார். பாட்டில் நிறையத் தண்ணீர் பிடித்து, தண்ணீருக்குள்ளேயே கவிழ்த்து, குமிழிக்கு மேலே காட்டினார். குமிழி ஏற ஏற உள்ளே இருந்த தண்ணீர் இறங்கிப் பாட்டில் காலியானது. அப்படியே மூடியைத் திருகி எடுத்துக்கொண்டு ஜோஸ்பின் கண்ணில் படாமல் என் வீட்டுக் கொல்லைக்கு வந்தார். மூடியைத் திறந்து தீக்குச்சியைக் காட்டினார்.

புஸ் என்று நீலமாக ஒரு தீ எழுந்தது. எழுந்த வேகத்தில் போய்விட்டது. வெயிலில் நின்றிருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

"ஏளா பிலோமி, நான் ஏறுன கப்பல்ல இதுக்குப் பக்கத்துல தீப்பெட்டி வச்சிருந்தாலே கரையில எறக்கி விட்டுருவான். நீங்க சுத்தி மெழுகுவத்தி கொளுத்தி வச்சிக் கும்பிடுதிய" என்றார். தீப்பெட்டியைத் தூரத் தள்ளி வைத்தார். புயலில் மாட்டிய கதையை எல்லாம் சிரித்துக்கொண்டே சொல்கிற மனுஷர், அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அன்றைக்கே சாமியாரிடம் சொன்னோம். அவர் உடனே ஆள் வைத்துக் கிணற்றின் மேல் பலகை அடுக்கி, தார்ப்பாயைப் போட்டு இறுக்கிக் கட்டினார். யாரும் குடிக்கக் கூடாது, திரி கொளுத்தக் கூடாது என்று அறிவித்தார். நல்ல மனசோடுதான் செய்தார். பானையில் மூடி போட்டால் ஆவி உள்ளேயே சேரும் என்று எங்களில் ஒருவருக்கும் அப்போது புத்தி வரவில்லை. கஸ்பாரும் அன்று காய்ச்சலில் படுத்துவிட்டார்.

ஜோஸ்பினிடம் சொல்ல வேண்டியது என் தலையில் விழுந்தது. சொன்னேன். "மாமா கப்பல்லயே கெடந்தவரு. அவருக்குக் காத்தடிச்சாலும் கேஸாத்தான் தெரியும்" என்றாள். பலகை போடும் முன்பே ஒரு பெரிய பானை நிறையத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். அதிலிருந்துதான் குடித்தாள். நான் வாங்கி வைத்த கேன் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினாள். வயிற்றில் பிள்ளை, மதினி. அந்தத் தண்ணீருக்குள் என்னென்ன கரைந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் நான் பானையைத் தூக்கி முற்றத்தில் கவிழ்த்துவிட்டேன்.

அவள் கத்தவில்லை. ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "எங்கம்மாவ ஒருக்க பொதச்சிய. இன்னொருக்கவும் பொதைக்கணுமா அத்தை?"

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

கல்லறைத் திருநாள் வந்தது. மத்தியானம் பூசை, தீர்த்தம் தெளித்துக் கல்லறை மந்திரிப்பு எல்லாம் முடிந்தது. உன் கல்லறையில் பூ வைத்தோம். பொழுது சாயும் நேரம், கடலில் ஆள் போன வீட்டுக்காரர்கள் எல்லாரும் சிரட்டையும் கயிறுமாகக் கிணற்றடிக்கு வந்துவிட்டார்கள். சாமியார் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார். "வருஷம் ஒரு நாளு சாமி. எம்புள்ளைக்கு வேற எங்கன வெளக்கு வைப்பேன்?" என்று ஒரு தாய் அழுதாள். சாமியார் கும்பிட்ட கையை இறக்கிவிட்டார். நாலு பையன்கள் தார்ப்பாயை அவிழ்த்துப் பலகையை ஒதுக்கினார்கள். ஒரு வாடை வந்தது, அழுகின முட்டை மாதிரி. ஊதுவத்திப் புகையில் அதுவும் அமுங்கிவிட்டது.

முதல் சிரட்டை எப்போதும் நம் வீட்டுச் சிரட்டைதானே. ஜோஸ்பின் முன்னால் வந்தாள். நான் பிடுங்கப் போனேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "அப்பாக்கு வெளக்கு வேண்டாமா அத்தை?" என்றாள்.

என் அண்ணன், மதினி. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு சப்பரம் காட்டியவன். நீட்டின என் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கையால் அவள் சேலையை இடுப்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

சிரட்டை இறங்கியது. சுடர் முதலில் நீண்டது. அப்புறம் அதன் நுனி நீலமானது. அழகாக இருக்கிறதே என்று யாரோ சொன்ன குரல் கேட்டது. அடுத்து ஒரு சத்தம். பெரிய பாயை ஒரே இழுப்பில் கிழித்தது போல. கிணற்றின் வாய்க்கு மேலே ஆள் உயரத்துக்குத் தீ எழுந்தது. நான் இழுத்த இழுப்பில் அவள் என் மேல் விழுந்தாள், நான் மண்ணில் விழுந்தேன். அவள் தலையில் போட்டிருந்த முக்காடு எரிந்துகொண்டிருந்தது. வெறுங்கையால் அடித்து அணைத்தேன். புருவமும் முன்முடியும் கருகிவிட்டன. கயிறு பிடித்த கை கொப்பளித்துவிட்டது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். பிள்ளை உதைத்தது. கடவுளே என்று அங்கேயே அழுதேன்.

சிலர் ஓடினார்கள். சிலர் முட்டி போட்டுவிட்டார்கள். ஒரு பெரியவர் அந்தத் தீயைப் பார்த்துச் செபமாலை சொல்ல ஆரம்பித்துவிட்டார்! இரண்டாவது புதுமையாம். கஸ்பார் காய்ச்சலோடு எழுந்து ஓடிவந்து, "தள்ளிப் போங்கடே, எல்லாரும் தள்ளிப் போங்க" என்று கத்தினார். கிணற்றுக்குள் தீ அடங்கவில்லை. தண்ணீரின் மேல் நீலமாகப் படர்ந்து நின்றது. குமிழி வரும் இடத்தில் எல்லாம் ஒரு சின்ன நாக்கு எழுந்து எழுந்து அமர்ந்தது. தண்ணீர் எரிவதை நான் பார்த்தேன், மதினி. இனிமேல் எதைப் பார்த்தாலும் எனக்கு அதிசயமாக இருக்காது.

ஜோஸ்பினும் என் மடியில் கிடந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டாள்.

"எங்கம்மா என்னச் சுடமாட்டால்லா அத்தை?"

"சுடமாட்டா."

"அப்பம் அது அம்மா இல்ல."

"இல்லம்மா."

அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். உன்னை அடக்கம் பண்ணிய அன்றைக்குக் கூட அப்படி அழவில்லை. உன்னை அவளிடமிருந்து இரண்டாம் தடவை பிரித்தது நான்தானா, அந்தத் தீயா? நீயே சொல்.

தீயணைப்பு வண்டி வந்து அதை அணைத்த பிறகு அதிகாரிகள் வந்தார்கள். குப்பியில் தண்ணீர் பிடித்துச் சீல் வைத்துக்கொண்டு போனார்கள். வலை போட்டார்கள், பலகை நட்டார்கள். முடிவு என்ன என்று கேட்டால், "வரும்மா" என்கிறார்கள். கம்பெனி ஒரு அறிக்கை விட்டது. இந்த மாதிரி வாயு மண்ணில் இயற்கையாகவே உண்டாம், அழுகின செடிகொடியிலிருந்து வருமாம், அவர்கள் வேலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லையாம். இருக்கலாம். நான் பெரிய படிப்பு படித்தவள் இல்லை. அத்தனை தலைமுறையாக நம் கிணற்றில் வராத இயற்கை, கோபுரம் வந்த பிறகுதான் வந்திருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதைச் சொன்னால், "அதுக்கு ஆதாரம் வேணும்மா" என்கிறார்கள். கோபுரம் வரும் முன்பு இந்தத் தண்ணீரை யார் சோதித்து வைத்தார்கள், நான் ஆதாரம் காட்ட? நாம் குடித்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

அண்ணாச்சியின் போர் தண்ணீரும் போய்விட்டது. தென்னை எல்லாம் குருத்திலேயே காய்கிறது. கழிவுத் தண்ணீரைக் கறுப்பு ஷீட் விரித்த குட்டையில் தேக்கி வைத்திருக்கிறார்கள். மழையில் அது நிரம்பித் தேரி மண்ணுக்குள் இறங்கியதைப் பார்த்ததாகச் சொல்கிறார். என் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்து டீயை ஆற விடுகிறார். "பிலோமி, நான் நெலத்துக்கு மேல உள்ளதத்தான குத்தகைக்குக் குடுத்தேன். கீழ கெடந்த தண்ணியையும் சேத்தா குடுத்தேன்?" என்றார் நேற்று. பாவம், அவரைத் திட்டக் கூட எனக்கு மனசு வரவில்லை.

உன் பேத்தி தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் பிறந்தாள். சுகப்பிரசவம். மூக்கு உன்னுடையது, பிடிவாதமும் உன்னுடையதுதான். டாக்டரம்மா, தாய் என்ன தண்ணீர் குடித்தாள் என்று ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டார். சொன்னோம். "பிள்ளை நல்லா இருக்கு. ஆனா தொடர்ந்து கூட்டிட்டு வாங்க, பாத்துக்கிட்டே இருக்கணும்" என்றார். எதைப் பார்க்க வேண்டும், எத்தனை காலம் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

ஞானஸ்நானத்துக்கு நான்தான் ஞானத்தாய். செம்போடு கிணற்றடிக்குப் போய், பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். கடையில் வாங்கிய கேன் தண்ணீரைச் செம்பில் ஊற்றிக் கொண்டுபோனேன். சாமியார் மந்திரித்தார். "கேன் தண்ணியிலயா பிள்ளைய வேதத்துல சேக்குது?" என்று பின்னால் ஒரு குரல். உன் பேத்தி வீறிட்டு அழுதாள். பெயர் மரிய லூர்து. இப்போது இதை எழுதும்போது என் மடியில்தான் கிடக்கிறாள், விரலைச் சூப்பிக்கொண்டு.

முடிந்தது என்று நினைக்காதே. இரண்டாவது கோபுரத்துக்குக் கம்பி இறக்கியிருக்கிறார்கள். இந்தத் தடவை கடற்கரையை ஒட்டி, கல்லறைத் தோட்டத்திலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில். போன வாரத்திலிருந்து என் வீட்டு அடிபம்பு தண்ணீர் வரும் முன்பு இருமுகிறது. கஸ்பார் பக்கத்தில் நின்று கேட்டார், உள்ளே போய் ஒரு கண்ணாடி பாட்டிலைத் தேடி எடுத்தார். இப்போதெல்லாம் அடுப்புப் பற்ற வைக்கும் முன்பு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் குச்சியை உரசுகிறேன். உரசும்போது பிள்ளையை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடச் சொல்கிறேன். சொந்த வீட்டில், சொந்த அடுப்பில்.

கஸ்பார் இன்னொரு பாட்டில் பிடித்து வைத்திருக்கிறார், அடிபம்புத் தண்ணீரோடு வந்த வாயு. பார்த்தால் வெறும் பாட்டில். வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்கு அதைக் கொண்டுபோகிறோம். கம்பெனி ஆட்களையும் வரச் சொல்லியிருக்கிறார்களாம். "வாசல்லயே பாட்டில்ல என்ன இருக்குன்னு கேட்டுப் பிடுங்கிருவான்" என்றார் கஸ்பார்.

உன் மகள் பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு எழுந்தாள். புருவம் இன்னும் முழுதாக முளைக்கவில்லை. கையில் தழும்பு. "கேட்டா, ஒண்ணுமில்லன்னு சொல்லுவேன். அவங்கதான ஒண்ணுமில்லங்காங்க. மேசையில வச்சி, தீப்பெட்டியையும் பக்கத்துல வச்சி, 'ஒண்ணுமில்லன்னா நீங்களே கொளுத்துங்க சார்'னு சொல்லுவேன். பாட்டிலை நாந்தான் பிடிப்பேன் அத்தை" என்றாள். கிணற்றுக்குள் உன்னைத் தேடிக்கொண்டிருந்த பெண்தான் இவள் என்று நீ நம்பவே மாட்டாய்.

யாராவது கொளுத்துவார்களா, மதினி? கொளுத்தாமல் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாலும் அதுவும் ஒரு பதில்தானே?

எனக்குப் பயமாக இருக்கிறது. இருந்தாலும் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். திங்கட்கிழமை பிள்ளையைக் கஸ்பாரிடம் கொடுத்து வெளியே மரத்தடியில் நிறுத்துவேன். உன் மகள் அந்த மேசைக்கு முன்னால் போய் நிற்கும்போது அவளுக்குப் பின்னால் நான் நிற்பேன். கல்லறைத் திருநாள் அன்று பிடித்த மாதிரியே அவள் சேலையை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்வேன். என்ன எழுந்தாலும் பிடியை விடமாட்டேன்.

உன் மகளுக்கு அத்தையும், உன் பேத்திக்கு ஞானத்தாயும், உனக்கு என்றைக்கும் வாயாடி நாத்தனாவுமான
பிலோமி